மூணாவது டீயும் ஜெவன்ஸும்

சாயங்காலம் லேப் முடிஞ்சு வந்து குடிக்கிற முதல் டீ அமிர்தம். ரெண்டாவது பரவாயில்லை. மூணாவதை ஓசியில் கொடுத்தாலும் வேண்டாம்னுடுவீங்க. அதே டீ, அதே விலை. அப்போ குறைஞ்சது எது? இந்தக் கேள்விக்குக் கணக்குப் போட்டவர்தான் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ்.

1835-ல் இங்கிலாந்தின் லிவர்பூலில் பிறந்தவர். அப்பா இரும்பு வியாபாரி. 1848-ல் அந்த வியாபாரம் திவாலாச்சு. லண்டனில் படிச்சிட்டிருந்த ஜெவன்ஸ், பட்டம் வாங்காமலே 1854-ல் சிட்னிக்குக் கப்பல் ஏறினார். அங்கே நாணயச் சாலையில் தங்கத்தின் தரத்தைச் சோதிக்கும் வேலை, நல்ல சம்பளம். ஆனா 1859-ல் அதை விட்டுட்டு, திரும்பிவந்து மறுபடியும் மாணவரானார்.

அப்போது இங்கிலாந்துப் பொருளியலில் ரிக்கார்டோவின் வழிதான் ராஜபாட்டை. ஒரு பொருளின் மதிப்பை, அதைச் செய்ய ஆன உழைப்பிலும் செலவிலும் தேடினார்கள். ஜெவன்ஸ், வாங்குகிறவரின் ஆசை பக்கம் திரும்பினார். மொத்தமாகக் கிடைக்கும் திருப்தி வேறு, கடைசியாகச் சேரும் ஒரு துளி தரும் திருப்தி வேறு. பொருளின் மதிப்பை முடிவு செய்வது அந்தக் கடைசித் துளிதான் என்றார். தண்ணீர் இல்லாமல் வாழ முடியாது. ஆனால் நிறைய இருக்கும்போது இன்னொரு குவளைக்கு யார் காசு கொடுப்பாங்க? வைரம் அரிது; அதனால் ஒவ்வொரு கல்லுக்கும் மவுசு. நம்ம பாஷையில் சொன்னா, டெரிவேட்டிவ்!

1862-ல் இதைக் கட்டுரையாக ஒரு அறிவியல் மாநாட்டுக்கு அனுப்பினார். யாரும் கண்டுக்கலை. 1871-ல் புத்தகமாகவே எழுதினார்.

1878-ல்தான் அந்த இடி. ஹெர்மன் கோசன் என்ற ஜெர்மானியர் இதையே 1854-ல் எழுதிட்டார்னு தெரிய வந்தது. புத்தகம் விற்காத வேதனையில் மிச்சப் பிரதிகளைத் திரும்ப வாங்கிக்கொண்ட கோசன், 1858-ல் இறந்தும் போயிருந்தார். ஜெவன்ஸ் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். செய்யலை. 1879-ல் வந்த இரண்டாம் பதிப்பின் முன்னுரையிலேயே, கோசன் தன்னை முந்திவிட்டார்னு வெளிப்படையாக எழுதினார். இன்று பாடநூல்கள் அந்த மூணாவது டீ விஷயத்தை கோசனின் முதல் விதின்னுதான் சொல்லுது.

1882-ல் கடலில் குளிக்கப் போன ஜெவன்ஸ் மூழ்கி இறந்தார். வயசு 46.

அடுத்த தடவை ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் யாருடைய பெயரை விடலாம்னு கை யோசிச்சா, இவரை ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க.