குன்றிலே பிறந்தவர், நம் பக்கத்திலே சிறைப்பட்டவர்



சங்கரன்கோவில் பக்கம் நீங்கள் எத்தனையோ முறை போய் வந்திருப்பீர்கள். அந்தப் பக்கத்துக் குருக்கள்பட்டியும் உங்களில் பலருக்குத் தெரிந்த ஊர்தான். ஏறக்குறைய 300 வருஷங்களுக்கு முன்னே, அவ்வூரில் ஒரு வெள்ளைக்காரச் சந்நியாசி வேத கலாபனையில் சிறைப்பட்டு, மரண தண்டனை பெற்றுக் கிடந்தார் என்பதை எத்தனை பேர் அறிவீர்கள்? அவர்தான் வீரமாமுனிவர். அவருடைய சரித்திரத்தைச் சற்றுப் பொறுமையாய்க் கேளுங்கள்.

அவர் பிறந்த ஊர் இத்தாலியா தேசத்தின் வடபாகத்திலுள்ள காஸ்திலியோனே. கார்தா என்னும் பெரிய ஏரிக்குத் தெற்கே, சிறு குன்றுகளின் நடுவே அமைந்தது. மேட்டிலே பழைய கோட்டை. கீழே தெருக்களும் கோயில்களும். நம் பிள்ளைகளின் பாதுகாவலரான அர்ச். ஞானப்பிரகாசியார் 1568-ம் ஆண்டு பிறந்ததும் இவ்வூரிலேதான். பிரபுவின் மூத்த மகனாகிய அவர் தம் பட்டத்தையும் சொத்தையும் துறந்து சேசு சபையிலே சேர்ந்தார். ரோமாபுரியில் கொள்ளைநோய் பரவியபோது நோயாளிகளுக்குப் பணிவிடை செய்து, அந்நோயாலேயே 1591-ல், 23-ம் வயதில் உயிர்விட்டார். அவருடைய கபாலத்தை அவ்வூர்ப் பேராலயத்தில் பக்தியோடு வைத்துக் காத்து வருகிறார்கள்.

இன்னொரு காரியமும் அவ்வூருக்குப் பெருமை. 1859-ம் ஆண்டு ஜூன் 24-ம் தேதி பக்கத்துச் சொல்பெரீனோவில் பெரும் யுத்தம் நடந்தது. ஆயிரக்கணக்கான காயக்காரர்களை காஸ்திலியோனேக்குத் தூக்கி வந்தார்கள். கோயில்களே ஆஸ்பத்திரிகளாயின. அவ்வூர்ப் பெண்கள், இவன் நம்மவன், இவன் பகைவன் என்று பாராமல் எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்துக் காயங்களைக் கட்டினார்கள். அங்கிருந்து கூடவே உழைத்த ஹென்றி துனாந்த் என்னும் சுவிட்சர்லாந்துக்காரர் இதை மறக்கவில்லை. அவர் எடுத்த முயற்சியால் 1863-ல் உருவானதே செஞ்சிலுவைச் சங்கம். அதன் பொருட்காட்சிச் சாலை ஒன்று இன்றும் அவ்வூரில் இருக்கிறது.

இப்படி, அந்நியருக்காகத் தன்னைக் கொடுப்பது அவ்வூர் மண்ணின் குணம் போலும்! அந்த மண்ணில் 1680-ம் ஆண்டு நவம்பர் 8-ம் தேதி பிறந்தவர் கொன்ஸ்தான்சோ ஜோசப் பெஸ்கி. உறுதியுள்ளவர் என்பது அவருடைய பெயரின் பொருள். ஆகவே தமிழில் தைரியநாதர் ஆனார். 1698-ல் சேசு சபையில் சேர்ந்து, 1709-ல் குருப்பட்டம் பெற்று, மறு வருஷமே லிஸ்பனில் கப்பலேறினார். 1711-ல் மதுரை மிஷனுக்கு வந்து, கோவில்பட்டிக்கு அருகிலுள்ள காமநாயக்கன்பட்டியில் ஊழியம் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 30. தமிழில் ஓர் எழுத்தும் அறியாதவர், நம் குழந்தைகளைப் போல் அரிச்சுவடியிலிருந்து படித்தார்.

அந்த நாளிலேதான், 1714-15-ல், கலாபனை எழும்பியது; தண்டனையும் விதிக்கப்பட்டது. இங்கே நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவருடைய பெரிய நூல்களில் ஒன்றாவது அன்று பிறக்கவில்லை. அந்தத் தண்டனை நிறைவேறியிருந்தால், தைரியநாதர் என்று ஒருவர் இருந்தாரென்பதே நமக்குத் தெரியாமற் போயிருக்கும். தேவ கிருபையால் தப்பினார். தப்பியவர் ஊர் திரும்பினாரா? இல்லை. மீந்த ஆயுளையெல்லாம் நமக்கே கொடுத்தார்.

கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதாவுக்குக் கோயில் எழுப்பினார். ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவின் நிழலில் இருந்து, அவ்வூரைத் திருக்காவலூர் என்று பாடினார். அர்ச். சூசையப்பரின் சரித்திரத்தைத் தேம்பாவணி என்னும் காவியமாக்கினார். அதில் 36 படலங்கள், 3615 பாடல்கள். தொன்னூல் விளக்கம் என்று இலக்கணம் செய்தார். 1732-ல் சதுரகராதி தொகுத்து, சொற்களை அகர வரிசையில் தேட நமக்கு வழிகாட்டினார். திருக்குறளின் அறத்தையும் பொருளையும் லத்தீனில் பெயர்த்தார். பண்டிதருக்கு மட்டுமா எழுதினார்? மட்டியும் மடையனும் சீடர்களாய் வரும் பரமார்த்த குரு கதையை எழுதி, நம் பிள்ளைகளையும் சிரிக்க வைத்தார்.

1747-ம் ஆண்டு பிப்ரவரி 4-ம் தேதி கேரளத்து அம்பழக்காட்டில் மரித்தார். 1968-ல் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை வைத்தார்கள்.

சிலையைப் பார்க்கச் சென்னைக்குப் போக வேண்டாம். இன்றிரவு செபமாலை முடிந்ததும் உங்கள் பிள்ளையிடம் ‘தென்’ என்றும் ‘தேன்’ என்றும் எழுதச் சொல்லுங்கள். முன்னே குறிலுக்குப் புள்ளி வைப்பது வழக்கம். ஓலையில் புள்ளி குத்தினால் கிழியுமென்று அதையும் விட்டுவிடுவார்கள்; குறிலும் நெடிலும் ஒன்றாய்த் தெரியும். கொம்பின் தலையைச் சுழித்து நெடிலைப் பிரித்துக் காட்டியவர் இவரே. குருக்கள்பட்டிச் சிறையில் மடிந்திருக்க வேண்டிய கை அந்தச் சுழியைப் போட்டது என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

சிற்றூர்க்காரர்தானே நாம், நம்மால் என்ன ஆகும் என்று இனி ஒருவரும் சொல்லாதிருங்கள். அந்நியருக்கு ஒரு செம்புத் தண்ணீர் கொடுக்க மனமுள்ள எந்த ஊரும் சிற்றூரல்ல.

சர்வேசுரன் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக.