பி.டி. பீரியடுக்குப் பின்னால் ஓர் அமெரிக்கர்... கொடைக்கானல் டூ நந்தனம்: யார் இந்த ஹாரி பக்?

சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போயிருக்கீங்களா? நந்தனம் ஒய்.எம்.சி.ஏ மைதானத்தில் தூசி பறக்க நடந்து, கை வலிக்கப் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு, வண்டியை எங்கே நிறுத்தினோம் என்று தேடியிருப்பீங்க. அடையாற்றங்கரையை ஒட்டிய அவ்வளவு பெரிய திடல், ஊருக்கு நடுவில், ஒரு கல்லூரிக்கு எப்படி வந்தது என்று யோசித்திருக்கீங்களா? அது புத்தகத்துக்காக உருவான இடம் இல்லை. விளையாட்டு வாத்தியார்களை உருவாக்குவதற்காக உருவான இடம். உருவாக்கியவர் ஹாரி குரோ பக் என்கிற அமெரிக்கர்.

தமிழ்நாட்டின் மூத்த பி.டி. சார்களிடம் இந்தப் பேரைச் சொன்னால் போதும், முகம் மலர்ந்துவிடும். மற்றவர்களுக்கு அநேகமாகத் தெரியாது. இத்தனைக்கும் நம்ம எல்லாருடைய பள்ளிக்கூட டைம்டேபிளிலும் இந்த மனுஷனுடைய கை இருக்கிறது.

கதை கொடைக்கானலில் ஆரம்பிக்கிறது

பக்கைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் முதலில் பழனி மலை ஏற வேண்டும். மதுரைப் பக்கம் வேலை பார்த்த அமெரிக்க மிஷனரிகளுக்குச் சமவெளியின் வெயிலும் காய்ச்சலும் எமனாக இருந்தன. குழந்தைகள், பெரியவர்கள் என்று வரிசையாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். தப்பிக்க வழி தேடி மேலே ஏறியவர்கள், 1845-ல் கொடைக்கானலில் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். இன்றைய கொடைக்கானல் ஊரின் தொடக்கம் அதுதான். அப்போது காட் ரோடு கிடையாது. பெரியகுளம் பக்கமிருந்து நடந்தோ, குதிரையிலோ, ஆட்கள் சுமக்கும் டோலியிலோதான் ஏற வேண்டும். நம்ம ஊர்க்காரர்களின் தோள் மேல்தான் அந்த மலைவாசஸ்தலமே ஏறியது என்று சொன்னால் தப்பில்லை.

ஊட்டி வெள்ளைக்கார அதிகாரிகளின் மலை என்றால், கொடைக்கானல் அமெரிக்கர்களின் மலை. 1901-ல் அங்கே மிஷனரி குழந்தைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கியது. முதலில் 13 பிள்ளைகள். இன்று கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல் என்று நாம் பார்ப்பது அதைத்தான். பள்ளியை முதலில் நடத்தியவர் மார்கரெட் எடி. இவருடைய மகன் ஷெர்வுட் எடி, 1896-ல் ஒய்.எம்.சி.ஏ அமைப்புக்காக இந்தியா வந்தவர். அம்மா மலைமேல் பள்ளிக்கூடம் நடத்த, மகன் கீழே ஊர் ஊராக இளைஞர்களைத் திரட்டிக்கொண்டிருந்தார்.

அந்த ஒய்.எம்.சி.ஏ-வுக்கு 1916-ல் முதல் இந்தியத் தேசியப் பொதுச்செயலாளர் கிடைத்தார். நம்ம சேலத்துக்காரர், கே.டி.பால். ஹாரி பக் இந்தியா வந்தது பால் பொறுப்பில் இருந்த காலத்தில்தான். ஆண்டு 1919.

ஸ்பிரிங்ஃபீல்டில் அப்படி என்ன இருந்தது?

பக் பிறந்தது 1884-ல், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில். உடற்கல்வி கற்றது மாசசூசெட்ஸில் உள்ள ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ பயிற்சிக் கல்லூரியில். பார்க்க ரொம்பச் சின்னக் கல்லூரி. ஆனால் அங்கிருந்து கிளம்பிய விஷயங்களைப் பார்த்தால் தலை சுற்றும்.

1890-ல் அங்கே அமெரிக்கன் ஃபுட்பால் அணியைத் தொடங்கிப் பயிற்சி கொடுத்தவர் அமோஸ் அலோன்ஸோ ஸ்டாக். பிற்பாடு சிகாகோ பல்கலைக்கழகத்தில் 40 ஆண்டுகள் தலைமைப் பயிற்சியாளராக இருந்து, 102 வயது வரை வாழ்ந்த மனுஷன். அமெரிக்காவில் கல்லூரி கோச் என்றால் வெறும் ஆட்டம் சொல்லிக்கொடுப்பவர் இல்லை, பையன்களின் குணத்தையும் செதுக்குகிறவர் என்ற நினைப்பை வலுவாக்கியவர்களில் இவரும் ஒருவர். ஸ்டாக்கின் அந்த முதல் அணியில் ஆடிய ஒருவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். 1891 டிசம்பரில், பனிக்காலத்தில் உள்ளரங்கில் ஆட ஒரு விளையாட்டு வேண்டும் என்று பீச் பழக்கூடை இரண்டை மாட்டி, 13 விதிகள் எழுதி, பாஸ்கெட்பாலைக் கண்டுபிடித்தவர் இவர்தான். அதே கல்லூரியில் படித்த வில்லியம் மோர்கன் 1895-ல் வாலிபாலை உருவாக்கினார்.

பக் மூட்டை கட்டிக்கொண்டு வந்தது இந்தப் பள்ளியின் பாடங்களைத்தான். ஸ்டாக்கின் அமெரிக்கன் ஃபுட்பால் இங்கே வேர் பிடிக்கவில்லை. பிடித்தது வாலிபாலும் பாஸ்கெட்பாலும். கூடவே கோச் என்கிற அந்த ஆளுமையும்.

வந்து பார்த்தால் டிரில் மாஸ்டர்

1919-ல் நம்ம பள்ளிகளில் உடற்பயிற்சி என்றால் என்ன? பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு டிரில் மாஸ்டர். லெப்ட், ரைட், அபவுட் டர்ன். அவருக்குப் பள்ளியில் மற்ற ஆசிரியர்களுக்கு இருந்த மரியாதை கிடையாது, சம்பளமும் கிடையாது. பிள்ளைகளுக்கு அது தண்டனை மாதிரி.

பக் இதை அடியோடு மாற்ற நினைத்தார். உடம்பை வளைப்பது வேறு, உடம்பின் வழியாகப் படிப்பது வேறு என்பது அவருடைய கட்சி. அதற்கு முதல் தேவை, பயிற்சி பெற்ற ஆசிரியர். 1920-ல் மெட்ராஸில் உடற்கல்விப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். சில கீற்றுக் கொட்டகைகள், விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய மாணவர்கள். ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரி என்று இன்று அந்தக் கல்லூரி பெருமையாகச் சொல்லிக்கொள்வது இந்தக் கொட்டகையைத்தான். ஒத்துழையாமை இயக்கத்துக்காக மாணவர்கள் கல்லூரியை விட்டு வெளியே வந்த அதே 1920-ல், ஒரு வெளிநாட்டுக்காரர் புதுக் கல்லூரி திறந்து ஆள் சேர்த்தார் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு இடம் மாறி, சைதாப்பேட்டையை ஒட்டிய இப்போதைய நந்தனம் வளாகத்துக்கு வந்தார்கள். மெட்ராஸ் அரசாங்கத்துக்கு உடற்கல்வி ஆலோசகராகவும் பக் இருந்தார். பள்ளிகளுக்குப் பாடத்திட்டம், ஆசிரியர்களுக்கு வியாயாம் என்ற பெயரில் ஓர் இதழ், எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஒரே விதிப்புத்தகம் என்று மனுஷன் ஓயவில்லை. ரூல்ஸ் ஆஃப் கேம்ஸ் அண்ட் ஸ்போர்ட்ஸ் என்ற அந்தப் புத்தகம் அவர் காலத்துக்குப் பிறகும் பல பதிப்புகள் கண்டது. கோடு எங்கே போடணும், வலை எவ்வளவு உயரத்தில் கட்டணும் என்று சண்டை வந்தால் தீர்த்து வைக்கிற சட்டப்புத்தகம் அது. கல்லூரியில் மேல்நாட்டு ஆட்டங்களோடு நம்ம ஊர் ஆட்டங்களுக்கும் உடற்பயிற்சிகளுக்கும் இடம் இருந்தது.

பாரிஸுக்குப் போன அணி

1924 பிப்ரவரியில் டெல்லியில் அகில இந்திய அளவில் ஒரு போட்டி நடந்தது. அதிலிருந்து ஆட்களைத் தேர்ந்தெடுத்து பாரிஸ் ஒலிம்பிக்குக்கு அனுப்பினார்கள். அந்த அணியோடு மேலாளராகப் போனவர் பக். மெட்ராஸிலிருந்து லட்சுமணன் 110 மீட்டர் தடை ஓட்டம் ஓடினார். பதக்கம் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் திரும்பி வந்தபிறகு நடந்ததுதான் முக்கியம். பக்கும், ஒய்.எம்.சி.ஏ-வின் இன்னொரு அமெரிக்கரான டாக்டர் நோரனும் மாகாணம் மாகாணமாகச் சுற்றி ஒலிம்பிக் சங்கங்கள் உருவாகத் துணை நின்றார்கள். 1927-ல் இந்திய ஒலிம்பிக் சங்கம் பிறந்தது. தலைவர் தோராப்ஜி டாடா, செயலாளர் நோரன். அந்த அஸ்திவாரத்தில் நம்ம நந்தனத்து மண்ணும் கொஞ்சம் இருக்கிறது.

எல்லாம் சரி, விமர்சனமே இல்லையா?

இருக்கிறது. இந்தியர்களின் உடம்பு சோனி, அதை நாங்கள் வந்துதான் தேற்ற வேண்டும் என்கிற தொனி அந்தக் கால ஒய்.எம்.சி.ஏ நிபுணர்களிடம் தாராளமாகவே இருந்தது. சிலம்பக் கூடங்களும் மல்யுத்தக் களங்களும் இங்கே தலைமுறை தலைமுறையாக இருந்தன என்பது அவர்களில் பலருக்கு உறைக்கவே நேரம் பிடித்தது. மதம் பரப்ப வந்த அமைப்பு, காலனி அரசின் ஆதரவு, இந்த இரண்டையும் மறைத்துவிட்டு பக்கின் கதையைச் சொல்ல முடியாது.

ஆனால் அவர் செய்த ஒரு வேலையை யாராலும் மறுக்க முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது. விசில் ஊதுகிற ஆளுக்கு அவர் ஒரு படிப்பைக் கொடுத்தார், ஒரு சான்றிதழைக் கொடுத்தார், ஆசிரியர் அறையில் உட்கார ஒரு நாற்காலியைக் கொடுத்தார். 23 ஆண்டுகள் அந்தக் கல்லூரியை விட்டு நகராமல், 1943-ல் இறக்கும் வரை முதல்வராகவே இருந்தார். சுதந்திர இந்தியாவை அவர் பார்க்கவில்லை.

இப்போ எப்படி இருக்கு?

பழனி மலை அடிவாரத்தில் நான் படித்த பள்ளியில் பி.டி. சார் இருந்தார். பத்தாம் வகுப்பு வந்ததும் பி.டி. பீரியட் மட்டும் காணாமல் போனது. ஜன்னல் வழியே மலையையும் காலி கிரவுண்டையும் பார்த்துக்கொண்டே கணக்குப் போட்டோம். உங்களுக்கும் நடந்திருக்கும்.

2012-ல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி, ஓவியம், தையல் போன்ற பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். அப்போது மாதச் சம்பளம் 5,000 ரூபாய். பிறகு தொகை கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது. ஆனால் பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னைக்கு வந்து போராடுவது வருஷக்கணக்காகத் தொடர்ந்தது. அவர்களில் நந்தனம் கல்லூரியில் படித்துவிட்டு வந்தவர்களும் இருக்கலாம். போராட்டத்துக்கு வருகிற வழியில் அண்ணா சாலையில் பஸ் அந்தக் கல்லூரி வாசலைத் தாண்டித்தான் போகும்.