கலங்களின் பயணத்தைக் கண்டறிந்த லெப்லொண்ட்

டோர்வல்: இன்று பியர் எலியட் ட்ரூடோவின் பெயரைத் தாங்கிநிற்கும் டோர்வல் விமான நிலையத்தில் வந்திறங்கி, மொன்றியலில் புதுவாழ்வு தொடங்கிய எம்மவர் பலர். அவர்களுக்கு முன்னரே வேற்று நாட்டிலிருந்து இந்நகருக்கு வந்து, மக்கில் பல்கலைக்கழகத்தில் அரும்பணி ஆற்றியவர் பேராசிரியர் சார்ள்ஸ் பிலிப் லெப்லொண்ட்.

1910ஆம் ஆண்டு பிரான்சின் லில் நகரில் பிறந்த அவர், பாரிசில் மருத்துவம் பயின்றார். உடலினுட் செல்லும் அயடீன் தைரொயிட் சுரப்பியில் எங்கு தங்குகிறது என்பதைக் கதிர்வீச்சின் துணையால் படம்பிடிக்க முயன்றார். அக்காலத்தில் கிடைத்த கதிரியக்க அயடீனோ 25 நிமிடத்தில் பாதியாகக் குறைந்துவிடும். படம் பதியுமுன்னரே கதிர் தீர்ந்தது, முயற்சி தோற்றது.

1941இல் அவர் மக்கிலில் விரிவுரையாளரானார். எட்டு நாட்களில் பாதியாகும் அயடீன் பின்னர் கைக்கு வந்ததும், கைவிட்ட ஆய்வை மீண்டும் தொடங்கினார். 1946இல் பெலாஞ்சர் என்பவருடன் இணைந்து, மெல்லிய இழையச் சீவல்களின் மீது ஒளிப்படப் பசையை உருக்கிப் பூசும் முறையை உருவாக்கினார். கதிர் பட்ட இடங்கள் நுணுக்குக்காட்டியில் கரும்புள்ளிகளாகத் தெரிந்தன.

பிற்காலத்தில், பிரியவிருக்கும் கலங்கள் மட்டுமே ஏற்கும் தைமிடீன் என்னும் பொருளுக்குக் கதிரியக்கம் ஊட்டி, அக்கலங்களுக்கு அடையாளமிட்டனர். வெவ்வேறு நேரங்களில் எடுத்த சீவல்களை ஒப்பிட்டபோது கலங்களின் வழி புலனாயிற்று. சிறுகுடலின் பள்ளங்களிற் பிறக்கும் கலங்கள் மேல்நோக்கி நகர்ந்து, சில நாட்களில் சடைமுளை நுனியிலிருந்து உதிர்கின்றன. மூலக்கலங்கள் அவ்விடத்தை ஓயாது நிரப்புகின்றன. நிலையானதெனத் தோன்றும் உடல் இடைவிடாது புதுப்பிக்கப்படுவதை உலகம் உணர்ந்தது.

உயிரற்ற சீவல்களிலிருந்து அவர் ஊகித்தறிந்த பயணத்தை, இன்று உயிருள்ள கலங்களிலேயே காணலாம். சில நிமிடங்களுக்கு ஒருமுறை எடுக்கப்படும் படங்களில், கணனி ஒவ்வொரு கலத்தின் எல்லையையும் வரைந்து, அடுத்த படத்தில் அதனைத் தேடி இணைக்கிறது. தாய்க்கலம் எது, மகட்கலம் எது எனவும் குறிக்கிறது. எனினும் இரு கலங்கள் நெருங்கி உரசும்போது கணனியும் ஆள்மாறாட்டம் செய்துவிடும். அங்கே லெப்லொண்டைப் போன்ற பொறுமையான கண்கள் இன்றும் தேவை.

1965இல் இலண்டன் ரோயல் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது. 2007ஆம் ஆண்டு, தமது 97ஆவது வயதில், மொன்றியலிலேயே அவர் காலமானார். முதல் முயற்சியில் அவர் தோற்றது எண்ணம் பிழைத்ததனால் அன்று, காலம் போதாமையினாலேயே. புதிய மண்ணில் மீளத் தொடங்கும் எமது இளையோர் இதனை மனதிற் கொள்வாராக.