முப்பது ரூபாய் எழுத்தர்

மனித வாழ்வின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்வது தொழில். உறக்கம் போக எஞ்சிய நேரத்தில் பாதிக்குமேல் அதற்கே உரியதாகிவிடுகிறது. ஆதலின், எத்தொழிலைத் தேர்வது என்னும் வினா, எவ்வாறு வாழ்வது என்னும் வினாவின் மறுவடிவமே எனலாம்.

இம்மலரைப் படிக்கும் மாணாக்கருள் ஆரணியாற்றின் கரையிலுள்ள ஆரணியிலிருந்தும், பொன்னேரி, பெரியபாளையம் முதலிய ஊர்களிலிருந்தும் வருவோர் இருப்பர். பட்டம் பெற்றதும் அவர்கள் எதிரே பல வாயில்கள் தோன்றுகின்றன. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்கு ஆள் ஏற்றிச் செல்லும் கம்பெனிப் பேருந்து ஒருபுறம்; எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களின் அலுவலகங்கள் மறுபுறம்; அரசுத் தேர்வு பிறிதொருபுறம். சம்பளம் எவ்வளவு, வேலை நிரந்தரமா ஒப்பந்தமா, இரவுப் பணி உண்டா, வீட்டிலிருந்து எவ்வளவு தொலைவு என்று பெற்றோர் வினவுவர். இவை யாவும் கேட்கத்தக்க வினாக்களே. வறுமையை அறிந்த எவரும் இவற்றை எளியன என்று ஒதுக்கார்.

எனினும், எளிதில் நினைவுக்கு வாராத வினா ஒன்று உண்டு. நாள் முழுதும் உழைத்து வீடு திரும்பும்போது, அவ்வேலை நம்முள் எதை மிச்சம் வைத்திருக்கும் என்பதே அது. இவ்வினாவிற்குத் தம் வாழ்வையே விடையாக விட்டுச் சென்றவர், நமக்குத் தெற்கே சென்னைத் துறைமுகத்தில் ஒரு நூற்றாண்டுக்கு முன் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராக அமர்ந்திருந்தார். அவரே கணிதமேதை சீனிவாச இராமானுசன்.

இளமையும் இழப்பும்

இராமானுசன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள், தாயாரின் பிறந்தகமாகிய ஈரோட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். தந்தையார் சீனிவாச ஐயங்கார் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதுபவர். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பாடிச் சிறு வருவாய் ஈட்டியவர். குடும்பத்தின் வளம் இவ்வளவே.

கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் கணிதத்தில் முதல்வராகத் திகழ்ந்து பரிசு பெற்ற அவர், 1904இல் உதவித்தொகையுடன் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். அதற்கு முந்திய ஆண்டே, கார் என்பவர் தொகுத்த கணித நூல் ஒன்று அவர் கைக்கு வந்திருந்தது. ஆயிரக்கணக்கான தேற்றங்களை நிறுவல் விரிவின்றி அடுக்கித் தந்த அந்நூல், அவரை முற்றிலும் ஆட்கொண்டது. பிற பாடங்களில் மனம் செல்லவில்லை. ஆங்கிலத்தில் தவறினார், உதவித்தொகை பறிபோயிற்று. வீட்டாரிடம் சொல்லாமல் விசாகப்பட்டினம் சென்று திரும்பினார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்றும், 1907ஆம் ஆண்டுத் தேர்விலும் தோல்வியே கண்டார்.

பட்டம் இல்லை, பட்டம் இல்லாதவனுக்கு நல்ல பதவியும் இல்லை. ஒரு துறையில் கொண்ட பெருவிருப்பு, பிற கடமைகளைப் புறக்கணிக்கும் உரிமையைத் தருவதில்லை என்னும் உண்மையை அவர் வறுமையின் வாயிலாகவே அறிந்தார். அவருடைய புகழை மட்டும் கண்டு, தேர்வில் தவறுவதே மேதைமையின் அடையாளம் என மயங்குவோர் இப்பகுதியை மறந்துவிடலாகாது.

வேலை தேடிய நாள்கள்

1909ஆம் ஆண்டு சூலைத் திங்களில் ஜானகி அம்மையாருடன் அவருக்குத் திருமணம் நடந்தது. மணமகளுக்கு அப்போது வயது பத்து. குடும்பப் பொறுப்பு வந்துற்றது. வேலை தேட வேண்டிய நிலையும் வந்தது. தம் கணக்குக் குறிப்பேடுகளையே சான்றிதழாக ஏந்தி, அவர் பெரியோர் இல்லங்களை நாடிச் சென்றார்.

1910இல் திருக்கோவிலூரில் துணை ஆட்சியராயிருந்த இராமசாமி ஐயரிடம் சென்று, வருவாய்த்துறையில் ஓர் எழுத்தர் பணி வேண்டினார். இராமசாமி ஐயர் இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவியவர். ஏடுகளைப் புரட்டிப் பார்த்தார்; வியந்தார்; வேலை தர மறுத்தார். இத்தகைய அறிவை வருவாய்த்துறையின் அடிப்படியில் அமர்த்தி நசுக்கிவிட அவருக்கு மனம் ஒப்பவில்லை. பசித்தவனுக்கு வேலையை மறுப்பது கொடுமை போலத் தோன்றும். ஆயினும் அவர் வெறுங்கையுடன் அனுப்பவில்லை. இராமானுசனின் அருமையை உணரக்கூடியவர்களிடம் செல்லுமாறு வழிகாட்டினார்.

அவ்வழி அவரை இறுதியில் நெல்லூர் மாவட்ட ஆட்சியர் இராமச்சந்திர ராவிடம் கொண்டு சேர்த்தது. சென்னையிலிருந்து நெல்லூர் செல்லும் இருப்புப்பாதை பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வழியே செல்வது. நாள்தோறும் நம் பகுதியினர் வேலைக்குப் பயணம் செய்யும் அதே பாதைதான். கணிதப் பற்றுடைய அவ்வாட்சியர் முதலில் ஐயுற்றார். பின்னர் ஏடுகளின் ஆழம் கண்டு தெளிந்தார். என்ன வேண்டும் என்று அவர் வினவியபோது, இராமானுசன் வேண்டியது பதவியன்று, பொருளன்று. உணவுக்குக் கவலையின்றித் தம் ஆய்வைத் தொடரத் தக்க ஓய்வு ஒன்றே. இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் தம் கையிலிருந்து தர முன்வந்தார். இராமானுசன் சென்னையில் தங்கி ஆய்வில் ஆழ்ந்தார். 1911இல் பெர்னூலி எண்கள் பற்றிய அவருடைய முதற்கட்டுரை இந்தியக் கணிதக் கழக இதழில் வெளியாயிற்று.

இருபத்தைந்தை விட்டு இருபதை ஏற்றவர்

அவர் கேட்டது ஓய்வு, அது கிடைத்துவிட்டது. அவ்வாறே இருந்திருக்கலாம் அல்லவா? அவர் அவ்வாறு இருக்கவில்லை. ஒருவருடைய கொடையில் நெடுநாள் வாழ அவர் உள்ளம் இசையவில்லை. உதவித்தொகை பெற எடுத்த முயற்சிகள் கைகூடாத நிலையில், 1912ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சென்னைக் கணக்காயர் அலுவலகத்தில் 20 ரூபாய் ஊதியத்தில் தற்காலிகப் பணி ஒன்றை ஏற்றார். அது சில வாரங்களே நீடித்தது.

மாணவச் செல்வங்களே, இக்கணக்கைச் சற்று நின்று நோக்குங்கள். உழையாமல் வந்த 25 ரூபாயை விட்டு, உழைத்துப் பெறும் 20 ரூபாயைத் தேர்ந்தவர் உலகின் தலைசிறந்த கணித மேதைகளுள் ஒருவர். எண்ணிக்கையில் 5 ரூபாய் குறைவு. தன்மானத்தில் அது பெருவரவு. வேலை தேர்வதில் அவர் முதலில் வைத்த அளவுகோல் இதுவே. தன் உணவைத் தானே ஈட்டல் வேண்டும்.

துறைமுக அலுவலகம்

1912 பிப்ரவரியில் அவர் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்திற்கு விண்ணப்பித்தார். மார்ச் 1ஆம் நாள் கணக்குப் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்தார். ஊதியம் மாதம் 30 ரூபாய். கப்பற்சரக்கும் சுங்கமும் கூலியும் பற்றிய கணக்குகளிடையே, எண்களின் முடிவிலாப் பேருலகைச் சுமந்த ஒருவர் அமர்ந்தார்.

அவ்வேலையில் புகழுக்கு இடமில்லை, ஊதியமும் பெரிதன்று. ஆனால், அங்கே இரண்டு பேறுகள் வாய்த்தன. முதலாவது, பணி முடிந்தபின் அவருடைய உள்ளம் அவருக்கே உரியதாயிருந்தது. எழுத்தர் வேலை அவருடைய கையைப் பயன்படுத்தியது. கருத்தை விலைக்கு வாங்கவில்லை. விடியலிலும் இரவிலும் சிலேட்டுப் பலகையில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் ஏட்டில் எழுதிவைக்க அவருக்கு நேரம் கிடைத்தது.

இரண்டாவது பேறு, மேலே இருந்தோரின் மனம். தலைமைக் கணக்கர் நாராயண ஐயர் கணிதம் வல்லவர்; இந்தியக் கணிதக் கழகத்தின் பொருளாளர். தமக்குக் கீழே பணிபுரியும் இளைஞர் தம்மினும் பன்மடங்கு உயர்ந்தவர் என்பதை அவர் அழுக்காறின்றி உணர்ந்தார். மாலைப்பொழுதுகளில் இருவரும் கூடியிருந்து கணக்கிட்டனர். இராமானுசன் பல படிகளைத் தாண்டி விடையை எழுதிவிடுவார். பிறரும் பின்தொடர்ந்து வருமாறு இடைப்படிகளையும் எழுதும்படி ஐயர் வற்புறுத்துவார். துறைமுகத் தலைவர் சர் பிரான்சிசு சுபிரிங்கும் அவருடைய அருமையை ஆங்கில அறிஞர்களிடம் எடுத்துரைத்தார். ஊதியப் பட்டியலில் எழுதப்படாத இப்பேறு, எந்த ஊதிய உயர்வுக்கும் குறைந்ததன்று.

கடல் கடந்த அழைப்பு

1913 சனவரி 16ஆம் நாள், கேம்பிரிட்சுப் பேராசிரியர் ஆர்டிக்கு இராமானுசன் மடல் எழுதினார். அதில் முதற்கண் தம்மைத் துறைமுகக் கணக்குப் பிரிவின் எழுத்தர் என்றும், ஆண்டுக்கு 20 பவுன் பெறுபவர் என்றும் அறிமுகம் செய்துகொண்டார். தம் தொழிலை மறைக்க அவர் நாணவில்லை. அம்மடலில் இருந்த தேற்றங்கள் ஆர்டியைத் திகைக்க வைத்தன.

அதன்பின் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன. சென்னைப் பல்கலைக்கழகம் 1913 மே முதல் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது. பட்டமற்ற ஒருவருக்கு ஆய்வுத் தொகை வழங்கியது அந்நாளில் அரிய செயல். இராமானுசன் துறைமுகப் பணியிலிருந்து விடுபட்டு, மூன்று மாதத்திற்கு ஒருமுறை ஆய்வறிக்கை அளிக்கும் மாணாக்கரானார். 1914 மார்ச் 17ஆம் நாள் நெவாசா என்னும் கப்பலில் இங்கிலாந்து சென்றார். முன்பு எக்கரையில் கணக்கெழுதினாரோ, அக்கரையிலிருந்தே கப்பலேறினார்.

1916இல் ஆய்வின் வழியே கேம்பிரிட்சுப் பட்டம், 1918இல் இலண்டன் இராயல் கழக உறுப்பினர் தகுதி, அவ்வாண்டே டிரினிட்டிக் கல்லூரி ஆய்வாளர் பதவி என்று சிறப்புகள் சேர்ந்தன. உடல்நலமோ தேய்ந்தது. போர்க்காலம், குளிர், மரக்கறி உணவுக்கு நேர்ந்த தட்டுப்பாடு, ஓயா உழைப்பு, தனிமை ஆகியன அவரை வருத்தின. நெடுங்காலம் மருத்துவமனைகளில் கழிந்தது. விருப்பமான வேலையும் உடலைக் கேட்கும்; அதற்கும் எல்லை வகுத்தல் வேண்டும் என்பதை அவருடைய வாழ்வின் இப்பகுதி துயரத்துடன் உணர்த்துகிறது.

பெருந்தொகை வந்தபோது

பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் வழங்க முடிவு செய்தபோது, 1919 சனவரியில் அவர் எழுதிய மறுமொழி நினைக்கத்தக்கது. அத்தொகை தம் தேவைக்கு மிகுதி என்றும், பெற்றோர்க்கு ஆண்டுக்கு 50 பவுன் அளித்துத் தம் இன்றியமையாச் செலவும் போக எஞ்சியதை ஏழை மாணவர், ஆதரவற்றோர் ஆகியோரின் பள்ளிக் கட்டணத்திற்கும் நூல்களுக்கும் பயன்படுத்தலாம் என்றும் அவர் தெரிவித்தார். கட்டணமின்றிக் கல்லூரியை இழந்தவர், பிறர் இழக்கலாகாது என எண்ணினார்.

1919 மார்ச்சில் தாயகம் திரும்பினார். நோய்ப்படுக்கையிலும் கணிதத்தை விடவில்லை. 1920 ஏப்ரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் மறைந்தார். அகவை 32. அவருக்குப்பின் ஜானகி அம்மையார் தையல் கற்று, சென்னைத் திருவல்லிக்கேணியில் அத்தொழிலால் வாழ்ந்து, 1994இல் மறைந்தார். தன் உணவைத் தானே ஈட்டல் என்னும் நெறி அவ்வீட்டில் அவரோடு மறையவில்லை.

நாம் கொள்ளத்தக்கது

இராமானுசன் வாழ்வில் வந்த தொகைகளை வரிசைப்படுத்திப் பார்ப்போம்: 25, 20, 30, 75, பின்னர் 250 பவுன். தொகையை மட்டும் நோக்கின் இரண்டாம் படி ஒரு வீழ்ச்சி. வாழ்வை நோக்கின் அதுவே ஏற்றத்தின் தொடக்கம்.

அனைவரும் இராமானுசன் ஆகிவிட இயலாது. எல்லா அலுவலகங்களிலும் ஒரு நாராயண ஐயர் இருப்பதுமில்லை. எத்துணையோ இளைஞர், தம் திறம் அறிவார் இன்றி, கணக்கேட்டின் நடுவிலேயே மங்கிப் போயினர். ஆதலின் இவ்வரலாறு வேலை தேடுவோர்க்கு மட்டும் உரியதன்று. நாளை வேலை தரும் இடத்தில் அமரப்போவோர்க்கும் உரியது. கீழே அமர்ந்திருப்பவனின் அருமையைக் காணும் கண், மேலாளரின் கடமைகளுள் ஒன்று.

வேலை தேடப் புறப்படும் நண்பர்களே! ஊதியத்தைக் கேளுங்கள்; நிலைபேற்றைக் கேளுங்கள். குடும்பத்தின் பசி தீரவேண்டும். அவற்றோடு இவற்றையும் கேளுங்கள்: இவ்வேலையால் நான் தலைநிமிர்ந்து உண்ண முடியுமா? மாலையில் நான் நேசிக்கும் ஒன்றிற்கு என் உள்ளத்தில் இடம் எஞ்சுமா? என்னை மனிதனாக மதிப்போர் அங்கே உளரா? இம்மூன்றுக்கும் ஆம் என விடை கிடைக்குமாயின், முப்பது ரூபாய் நாற்காலியும் சிறியதன்று.