பெயர் பறிக்கப்பட்ட பெருமகன்

கோபுரம் எழுப்பியவன் கொத்தன். கல்வெட்டில் பெயரோ கொற்றவனுக்கு! அது பழங்காலக் கதை என்பீர்கள். இல்லை, தோழர்களே! விண்ணை அளந்த இருபதாம் நூற்றாண்டிலும் அது நடந்தது. பாட்டாளியின் ஆட்சி என்று முரசு கொட்டிய சோவியத் நாட்டிலேயே நடந்தது. செர்கேய் கொரலியோவின் வாழ்வே அதற்குச் சான்று.

1907-ல், ஜார் ஆட்சியின் கீழிருந்த உக்ரைனில் ஜித்தோமிர் நகரில் பிறந்தார். பாட்டன் பாட்டி வீட்டில் வளர்ந்தார். ஒடெசாவில் கட்டடத் தொழிற்பள்ளியில் பயின்றார். பின்னர் மாஸ்கோ சென்று, விமானம் வடிப்பதில் வல்லவரான துப்பலேவிடம் மாணவரானார். 1933-ல் அவர் தலைமை தாங்கிய குழு, திரவ ஆக்சிஜன் கொண்டு இயங்கிய ராக்கெட்டை வானில் செலுத்தியது. அப்போது அவருக்கு வயது 26!

பரிசு கிடைத்ததா? கிடைத்தது விலங்கு! 1938 ஜூனில், நாசவேலை செய்தார் என்ற பொய்க் குற்றச்சாட்டில் கைது. அடி, சித்திரவதை, பத்தாண்டுத் தண்டனை. பனி உறையும் கொலிமாவில் தங்கச் சுரங்க வேலை. ஊட்டமின்மையால் வந்த நோயில் பற்கள் உதிர்ந்தன. நாட்டைக் காக்கும் கருவி செய்யத் தெரிந்தவரைச் சுரங்கத்தில் சாகவிட்டது ஸ்டாலின் ஆட்சி!

1940-ல் அவரது அறிவு தேவைப்பட்டது. அறிவை அழைத்தார்கள், ஆளை விடுவிக்கவில்லை! கைதிகளைக் கொண்டு விமானம் வடிக்கும் மாஸ்கோ சிறைக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே தலைமைப் பொறியாளர் யார்? ஆசான் துப்பலேவ், அவரும் கைதி! கொரலியோவுக்குச் சிறைக்கதவு திறந்தது 1944-ல்தான்.

1946-ல் மாஸ்கோவை அடுத்த பொத்லிப்கியில் ஏவுகணை ஆராய்ச்சிக்கென ஒரு பாதுகாப்பு நிறுவனம் எழுந்தது. நெடுந்தொலைவு ஏவுகணைகளுக்கு அவரே தலைமை வடிவமைப்பாளர். ஜெர்மானியரின் வி-2 ஏவுகணையைப் பார்த்துத் தொடங்கினார். அதைத் தாண்டி வளர்ந்தார். குற்றமற்றவர் என்ற முழு அறிவிப்பு மட்டும் 1957 வரை வரவில்லை!

அதே ஆண்டு ஆகஸ்டில், கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஆர்-7 வெற்றி கண்டது. ஹைட்ரஜன் குண்டைச் சுமக்கப் படைத்த ராக்கெட் அது. அதன் தலையில் கொரலியோவ் ஏற்றியது 83.6 கிலோ எடையுள்ள ஓர் உருண்டை! அக்டோபர் 4-ல் ஸ்புட்னிக் பூமியைச் சுற்றியது. 1961 ஏப்ரல் 12-ல், ஆர்-7 வழிவந்த ராக்கெட்டில் ககாரின் விண்ணேறினார்.

உலகம் வியந்தது, படைத்தவர் யார் என்று கேட்டது. தலைமை வடிவமைப்பாளர் என்பதே விடை. பதவிக்குப் பெயர் உண்டு, மனிதனுக்கு இல்லை! பகைவரிடமிருந்து காக்கவே மறைத்தோம் என்றனர். கொலிமாவில் அவரை வதைத்தது எந்தப் பகைவன் என்று நாம் கேட்கிறோம்.

1966 ஜனவரி 14-ல் அறுவைச் சிகிச்சையின்போது உயிர் பிரிந்தது. அதன் பிறகே பிராவ்தா அவர் பெயரை அச்சிட்டது. சாம்பல் கிரெம்ளின் மதிலில் இடம்பெற்றது. அவர் உழைத்த ஊருக்கு 1996-ல் கொரலியோவ் என்று பெயரிட்டார்கள்.

படைக்கலத்தின் வரைபடத்தைப் பூட்டி வைக்கட்டும். நாடு காக்க அது தேவை. படைத்தவனைப் பூட்டுவது எந்த நாட்டைக் காக்க? மதிலில் சாம்பலுக்கு இடம் தந்தவர்கள், உயிரோடிருந்தபோது பெயருக்கு ஒரு வரி தந்திருக்க வேண்டும்! உழைப்பவனுக்குக் கூலி மட்டுமல்ல, பெயரும் உரிமை என்கிறோம் நாம்.