ஒளிநூல் வல்லார் இராமனார்

கடலின் நீல நிறத்தைக் கண்டு மகிழாதார் இலர். ஆயின், அந்நீலம் எங்கிருந்து வந்தது என்று நின்று வினவுவார் மிகச் சிலரே. அவ்வாறு வினவியதோடு அமையாது, விடை கிடைக்குங்காறும் ஏழாண்டு உழைத்த தமிழர் ஒருவரின் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுகின்றோம். அவர் சர் சந்திரசேகர வெங்கட ராமன் ஆவர். தமிழ் பயிலும் நமக்குப் பௌதிக நூல் உரிய துறையன்று. எனினும், வேலூரை அடுத்த பாகாயத்தில் மருத்துவக் கல்லூரியின் நிழலில் வாழ்வார்க்கு ஒளியைக் கொண்டு நோயறியும் முறை அயலான பொருளன்று. நோயாளியின் விரல் நுனியில் மாட்டப்படும் சிறு கவ்வியை நாம் அனைவரும் கண்டிருக்கின்றோம். கண்ணுக்குத் தெரியும் செவ்வொளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் விரலினூடே செலுத்தி, குருதி அவற்றை எவ்வளவு உட்கொள்கின்றது என்பதை அளந்து, அதிலுள்ள பிராணவாயுவின் நிலையை அக்கருவி கூறுகின்றது. ஒளியானது தான் தொட்ட பொருளைப் பற்றிப் பேசும் என்பதற்கு இஃது ஓர் எளிய சான்று. அப்பேச்சின் மிக நுண்ணிய பகுதியை முதற்கண் கேட்டவர்களுள் தலைசிறந்தவர் இராமனார்.

இவர் 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவில் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர். தாயார் பார்வதி அம்மாள். தந்தையார் விசாகப்பட்டினத்துக் கல்லூரியொன்றில் கணிதமும் பௌதிகமும் கற்பிக்கும் ஆசிரியராய் அமர்ந்தமையின், இராமனாரின் இளமை அக்கடற்கரை நகரிலேயே கழிந்தது. பதினோராம் வயதில் மெட்ரிகுலேஷன் தேறினார். பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியிற் சேர்ந்து, 1904இல் பி.ஏ. தேர்வில் முதலிடமும் பௌதிகத்திற்குரிய பொற்பதக்கமும் பெற்றார். 1906இல், இன்னும் மாணவராக இருக்கும்போதே, ஒளியைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை இலண்டன் நகரத்து விஞ்ஞான இதழொன்றில் வெளிவந்தது. அப்பொழுது அவருக்கு அகவை பதினெட்டும் நிரம்பவில்லை. நம்மினும் இளையராய் இருந்த ஒருவர், வழிகாட்டுவார் எவருமின்றித் தாமே ஆராய்ந்து தாமே எழுதினார் என்பது மாணவராகிய நாம் கருதத் தக்கது.

மேற்படிப்பிற்கு இங்கிலாந்து செல்ல எண்ணினார்க்கு, அந்நாட்டின் குளிரை உடல் தாங்காது என்று மருத்துவர் தடை கூறினர். ஆகவே அரசாங்க நிதித் துறைத் தேர்வை எழுதி அதில் முதன்மையாகத் தேறினார். 1907இல் லோகசுந்தரி அம்மையாரை மணந்து, அவ்வாண்டிலேயே கல்கத்தாவில் கணக்குத் துறையில் உயர்ந்த உத்தியோகம் ஏற்றார். பொருளும் மதிப்பும் ஒருங்கே தரும் பதவி அது. ஆயினும் அவர் உள்ளம் ஒளியையும் ஒலியையும் விட்டு அகலவில்லை. பவுபசார் வீதியில், மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர் 1876இல் நிறுவிய இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் ஆராய்வார் மிகவின்றிக் கிடந்தது. அதைக் கண்ட இராமனார், அலுவலகம் செல்லுமுன் காலையிலும் அலுவல் முடிந்தபின் மாலையிலும் அங்கே சென்று பரிசோதனை செய்வாராயினர். இடையே இரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றப்பட்டபோதும் அப்பழக்கத்தை விட்டாரல்லர். பத்தாண்டு இங்ஙனம் கழிந்தபின், 1917இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்திற் பௌதிகப் பேராசிரியர் பதவி கிடைத்தது. அதன் ஊதியம் அரசாங்க ஊதியத்தினும் மிகக் குறைவு. எனினும் தயங்காது அதை ஏற்றார்.

1921இல் பல்கலைக்கழகங்களின் மாநாடொன்றின் பொருட்டு ஆக்ஸ்போர்டு சென்ற இராமனார், மத்திய தரைக் கடலைக் கப்பலிலிருந்து கண்டார். கடலின் நீலம் வானத்து நீலத்தின் எதிரொளியே என்பது அந்நாளில் இராலே பிரபு முதலிய பெரும் புலவர் கொண்ட முடிபு. இராமனாரிடம் நிக்கல் பட்டகம் என்னும் சிறு கருவியொன்று இருந்தது. கடற்பரப்பினின்று எதிரொளித்து வரும் ஒளியை அதனால் தடுத்துவிட்டு நோக்கினார். எதிரொளியே காரணமாயின் நீலம் மறைந்திருத்தல் வேண்டும். அதுவோ முன்னையினும் ஆழ்ந்து விளங்கிற்று. எனவே, நீரின் மூலக்கூறுகளே கதிரவன் ஒளியைச் சிதறச் செய்து நீலத்தைத் தருகின்றன என்று துணிந்தார். பம்பாய்த் துறைமுகத்தை அடைந்தவுடன் அம்முடிபை எழுதி இலண்டனுக்கு விடுத்தார்.

கல்கத்தா மீண்டபின் அவரும் மாணவரும் நீர்மப் பொருள்களில் ஒளி சிதறும் முறையை ஆராய்வதே தொழிலாகக் கொண்டனர். கதிரவன் ஒளியைப் பெரிய கண்ணாடி வில்லையால் ஒருமுகப்படுத்தி, நீலக் கண்ணாடி வழியே நீர்மத்துள் செலுத்தினர். சிதறி வரும் ஒளியை, அந்நீலத்தை முற்றும் தடுக்கவல்ல வேறொரு வண்ணக் கண்ணாடியினூடே நோக்கினர். ஒன்றும் தெரிதல் கூடாது. ஆயினும் மங்கிய ஒளிக்கீற்றொன்று தெரிந்தது. 1923இல் கே. ஆர். இராமநாதனார் அதனைக் கண்டார். நீர்மத்திலுள்ள அழுக்கே காரணம் போலும் என்று கருதி, அதை மீண்டும் மீண்டும் தூய்மை செய்தனர், கீற்று மறையவில்லை. எஸ். வெங்கடேஸ்வரனார் கிளிசரினில் அதைத் தெளிவுறக் கண்டார். வத்திராயிருப்பிற் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனார் 1928ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இராமனாருடன் நாள்தோறும் அமர்ந்து பல நீர்மங்களைச் சோதித்தார். அவ்வாண்டு பிப்ரவரி 28ஆம் நாள், நிறமாலை காட்டும் கருவியால் நோக்கியபோது, உட்புகுந்த நிறத்தோடு அதில் இல்லாத புதிய நிறமும் தனித்துத் தோன்றியது. ஏறத்தாழ 60 நீர்மங்களை ஆய்ந்தனர்; யாவற்றிலும் அது காணப்பட்டது.

இதன் பொருள் யாது? ஒளி அலையாக இயங்குவதோடு, சிறுசிறு ஆற்றற் கூறுகளாகவும் வருகின்றது என்பது குவாண்டம் கொள்கை. அத்தகைய ஒளித்துகளொன்று மூலக்கூறொன்றைத் தாக்கும்போது பெரும்பாலும் மாறாமலே சிதறுகின்றது. பத்து இலட்சத்தில் ஒன்றினும் குறைவான துகள்களே தம் ஆற்றலில் ஒரு பகுதியை மூலக்கூற்றிற்குக் கொடுத்து அதை அதிரச் செய்துவிட்டு, அவ்வளவிற்கு நிறம் மாறி வெளிவருகின்றன. அங்ஙனம் கொடுத்த ஆற்றலின் அளவு, பொதுவாக அகச்சிவப்புக் கதிரின் ஆற்றலளவாக உள்ளது. ஆகவே, அகச்சிவப்பைக் கண்ணாற் காணவியலாத நாம், காணும் ஒளியின் நிறமாற்றத்தைக் கொண்டே மூலக்கூறுகளின் அதிர்வை அறிகின்றோம். ஒவ்வொரு பொருளும் தனக்கேயுரிய முறையில் அதிர்கின்றமையின், மாறிய ஒளி அப்பொருளின் கைந்நாட்டுப் போல்வது. குவாண்டம் கொள்கைக்கும் இது வலிய சான்றாயிற்று. பின்னர் 1931இல் பகவந்தம் என்னும் மாணவரோடு சேர்ந்து, ஒளித்துகளுக்குத் தற்சுழற்சி உண்டு என்பதற்கும் இராமனார் சான்று காட்டினார்.

1930ஆம் ஆண்டின் நோபெல் பரிசு இராமனாருக்கு வழங்கப்பட்டது. விஞ்ஞானத் துறையில் அப்பரிசு பெற்ற முதல் ஆசியர் அவரே. பரிசு ஒருவருக்கே உரியதாயினும், உழைப்புப் பலருடையது. மாஸ்கோ நகரில் லான்ஸ்பெர்க், மண்டெல்ஷ்டாம் என்னும் இருவரும் அதே காலத்தில் படிகங்களில் இவ்விளைவைக் கண்டனர். கல்கத்தாவில் கிருஷ்ணனாரின் பங்கு மிகப் பெரிது. அவர் மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றவர். மிஷன் கல்லூரி மாணவராகிய நாம் அப்பெயரை மறத்தல் ஆகாது. இராமனாரும் பரிசு ஏற்றுச் செய்த சொற்பொழிவில் அவரையும் ஏனை மாணவரையும் பெயர் சுட்டிப் போற்றினார். எனினும், உலகம் விளைவுக்கு ஒரு பெயரையே சூட்டிவிட்டது.

1933இல் பெங்களூர் இந்திய விஞ்ஞான நிலையத்தின் தலைமையை ஏற்றார். பூசல்கள் மிகுந்தமையின் 1937இல் அத்தலைமையைத் துறந்து, பேராசிரியராகவே 1948 வரை பணியாற்றினார். பெரியோர் வரலாற்றை எழுதுவார் குறையை மறைத்தல் முறையன்று. 1933இல் கமலா சோஹனி என்னும் பெண்மணி அந்நிலையத்திற் பயில வந்தபோது, பெண் என்னும் காரணத்தால் இராமனார் இடமளிக்க மறுத்தார். அவ்வம்மையார் விடாது நின்றமையின் நிபந்தனைகளோடு இடமளித்தார். அவருடைய உழைப்பைக் கண்டபின்னரே பெண்களுக்குக் கதவு திறந்தது. ஒளியிடத்தில் பிறர் கூறிய முடிபை ஏற்காது தாமே சோதித்து நோக்கியவர், பெண் கல்வியிடத்தில் பழைய முடிபைச் சோதியாமலே கொண்டார் என்பது நம்மை வருத்துகின்றது. 1940இல், சிரியன் கிறித்தவக் குடும்பத்திற் பிறந்த அன்னா மணி அம்மையார் இராமனாரின் ஆய்வுக்கூடத்தை அடைந்து, வைரம், மாணிக்கம் என்னும் மணிகளின் ஒளியை ஆராய்ந்தார்.

அம்மாணிக்கமே பின்னர் இவ்வரலாற்றில் ஒரு திருப்பத்தைத் தந்தது. இராமனாரின் விளைவு மிக மெல்லியது. பாதரச விளக்கைக் கொண்டு அதைப் படம் பிடிக்க நெடுநேரம் காத்திருத்தல் வேண்டும். 1960இல் அமெரிக்க நாட்டில் தியோடர் மைமன் என்பார் செயற்கை மாணிக்கக் கோலிலிருந்து முதல் லேசர் ஒளியைப் பெற்றார். ஒரே நிறமும் மிக்க செறிவும் உடைய அவ்வொளி, இராமனார் விளைவிற்கென்றே செய்யப்பட்டது போல் அமைந்தது. பின்னர் அகச்சிவப்பை ஒட்டிய லேசர்கள் வந்தன. கட்புலனாகும் லேசர் உடலின் தசையிற் பட்டால், தசை தானே ஒளிர்ந்து மெல்லிய கைந்நாட்டை மூழ்கடித்துவிடும். 785 நானோமீட்டர் போன்ற அலைநீளமுள்ள அகச்சிவப்பு லேசராயின் அவ்வொளிர்வு குறையும். தசையினுள்ளும் சிறிது ஆழமாகச் செல்லும். நீர் இவ்வாய்விற்குப் பெருந்தடையாவதில்லை. உடலோ பெரும்பாலும் நீரால் ஆயது. சாயம் எதுவும் தோய்க்காமலே, புற்று படர்ந்த தசையையும் நலமுள்ள தசையையும் பிரித்தறியலாம் என்பது இதனால் வந்த நம்பிக்கை. 2015இல் கனடாவின் மாண்ட்ரியல் நகரத்தார், மூளை அறுவையின்போதே கையிற் பிடித்த கருவியால் இம்முறையைச் செய்து காட்டினர். நம் நாட்டிலும் நவி மும்பையிலுள்ள புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தார் வாய்ப்புற்றை இவ்வொளியால் அறியும் முறையை ஆராய்ந்துள்ளனர். பெரும்பகுதி இன்னும் ஆராய்ச்சி அளவிலே நிற்பினும், வழி திறந்துவிட்டது.

நம் வட்டாரத்திற்கு இவர் குடியில் வந்த நன்மை பிறிதொன்றும் உண்டு. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் பதனிடப்படும் தோலின் உயிர்ப்பொருள் கொலாஜன் என்னும் புரதம். அதன் அமைப்பு மூன்று இழை முறுக்கிய கயிறு போல்வது என்று 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து கோபிநாத் கர்த்தாவுடன் உலகிற்கு அறிவித்த ஜி. என். இராமச்சந்திரனார், இராமனாரின் மாணவர். பொறியியல் பயில வந்தவரைப் பௌதிகத்திற்கு ஈர்த்தவர் இராமனாரே. தோல் தொழிலாளி நாள்தோறும் கையாளும் பொருளும், மருத்துவர் லேசர் கொண்டு நோக்கும் தசையின் பொருளும் ஒன்றே.

1948இல் தம் பெயரால் ஆராய்ச்சி நிலையமொன்றை பெங்களூரில் அமைத்து, இறுதிவரை அங்கேயே உழைத்தார். 1954இல் பாரத ரத்தினம் என்னும் விருதும் பெற்றார். 1970 நவம்பர் 21ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். 1987 முதல் பிப்ரவரி 28 தேசிய விஞ்ஞான நாளாகக் கொண்டாடப்பெறுகின்றது.

கடல் ஏன் நீலம் என்று வினவியபோது, இதனால் யாது பயன் என்று கேட்டவர்க்கு இராமனார் கூறத்தக்க விடை அந்நாளில் இல்லை. கதிரவனும் கண்ணாடியும் கண்ணுமே அவருடைய கருவிகள். பயனோ பல்லாண்டு கழித்து, அந்நாளில் இல்லாத லேசரின் வழியே, அவர் அறியாத நோயாளரின் கட்டிலருகே வந்தது. ஆண்டவன் படைத்த ஒளியை அஞ்சாது வினவுதலும், உடனுழைத்தாரை மறவாதிருத்தலும், வாயிலில் நிற்பார்க்கு இடமளித்தலும் ஆகிய மூன்றும் இவ்வாழ்வினின்று நாம் கொள்ளத் தக்கன. முன்னதை அவர்தம் வெற்றியால் கற்பித்தார். இறுதியதைத் தம் குறையாற் கற்பித்தார். இரண்டினையும் கற்றல் மாணவராகிய நம் கடன்.