கொழும்பில் கருக்கொண்ட கதை

1890 நவம்பரில் ‘பீற்றர்ஸ்பேர்க்’ என்ற ரஷ்யக் கப்பல் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்தது. அதில் வந்த பயணிகளில் ஒருவர் 30 வயது வைத்தியர். புகையிரதம் ஏறிக் கண்டிக்குப் போய்வந்த அவர், இந்தத் தீவைச் சொர்க்கம் என்று வியந்தார். ஆனால் இங்கே தங்கிய சில நாட்களில் அவர் மனதில் கருக்கொண்டது, ஊர் திரும்பும் வழியில் கடலில் இறந்துபோகும் ஒரு சிப்பாயின் கதை. அந்த வைத்தியர் அன்ரன் செக்கோவ். கதையின் பெயர் ‘கூசெவ்’.

செக்கோவ் 1860இல் தென் ரஷ்யாவின் துறைமுகப் பட்டினமான தகன்றொக்கில் பிறந்தவர். பண்ணையடிமையாக இருந்த பாட்டனார் பணம் கட்டிக் குடும்பத்தை மீட்டவர். தகப்பனாரின் பலசரக்குக் கடை 1876இல் நொடித்துப்போக, குடும்பம் மொஸ்கோவில் வறுமையில் வாழ்ந்தது. மருத்துவம் படித்தபடியே பத்திரிகைகளுக்கு எழுதி வீட்டைத் தாங்கினார் செக்கோவ். 1884இல் வைத்தியரானார். அதே ஆண்டு இருமலில் முதன்முதலாக இரத்தம் வந்தது. அது காசநோய் என்று ஒப்புக்கொள்ள அந்த வைத்தியருக்கே மனம் வரவில்லை. 1889இல் அண்ணன் நிக்கொலாய் அதே நோயால் இறந்தார்.

அடுத்த ஆண்டு, ரஷ்யப் பேரரசு கைதிகளை அனுப்பிவைத்த சகலின் தீவுக்குச் செக்கோவ் போனார். மூன்று மாதம் குடிசை குடிசையாக நடந்து, பெயர், வயது, பிறந்த இடம் என ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை நிரப்பினார். அவருடைய கணக்கில் அப்படிப் பதிந்தவர்கள் ஏறத்தாழ 10,000 பேர். அரசு மறந்துபோன மனிதர்களை அவர் ஒவ்வொருவராக எண்ணினார்.

அங்கிருந்து கடல்வழியாகத் திரும்புகையில், சிங்கப்பூரை அடைவதற்குள் கப்பலில் இருவர் இறந்தார்கள். உடல்களைப் பாய்ச்சீலையில் சுற்றிக் கடலில் இறக்கியதை அவர் பார்த்தார். அந்தக் காட்சிதான் ‘கூசெவ்’ ஆனது.

கதையில் கூசெவ், தூரகிழக்கில் ஓர் அதிகாரிக்கு எடுபிடியாக ஐந்து ஆண்டுகள் உழைத்த சிப்பாய். காசநோய் முற்றியபின் ஊருக்கு அனுப்பப்படுகிறான். பக்கத்துப் படுக்கையில் பாவெல் இவானிச் என்ற இன்னொரு நோயாளி. சாகப்போகிறவர்களைக் கப்பலில் ஏற்றிவிட்டுக் கைகழுவுகிறார்கள் என்று அவர் கொதிக்கிறார். தனக்கு வந்திருப்பது பெரிய வருத்தம் இல்லை என்றும் நம்புகிறார். கூசெவுக்கு முன்பே அவர் இறந்துவிடுகிறார். காய்ச்சல் மயக்கத்தில் கூசெவுக்குப் பனி மூடிய கிராமமும், சறுக்குவண்டியில் வரும் அண்ணனின் பிள்ளைகளும் தெரிகின்றன. கடலில் போடுவார்கள் என்ற நினைப்பு அவனை உறுத்துகிறது. ஊர் மண்ணில் புதைத்தால் அம்மா வந்து அழுவாளே என்பதுதான் அவன் ஏக்கம். இறப்பு கப்பல் பதிவேட்டில் ஏறும், ஒடெசாவிலிருந்து ஊருக்குக் கடிதம் போகும் என்று ஒருவன் ஆறுதல் சொல்கிறான். ஆனால் கடிதம் கல்லறை ஆகாது. உடலும் இல்லாமல், புதைத்த இடமும் தெரியாமல் ஒரு துண்டுக் காகிதத்தோடு வீடு திரும்பிய தாய்மாருக்கு இந்த இடத்தில் விளக்கம் தேவையில்லை.

கூசெவ் இறந்த பிறகும் கதை நிற்கவில்லை. பாய்ச்சீலையில் தைத்து, பாரத்துக்கு இரும்பு வைத்து இறக்கிய உடலைச் சுறா மோப்பம் பிடிக்கிறது. மேலே வானம் பல நிறங்களில் அழகாக விரிகிறது. செக்கோவ் யாரையும் தேற்றவில்லை. ஆனால் எவரும் கவனிக்காத ஒரு சாவைக் கடலின் அடிவரை கூடவே போய்ப் பார்க்கிறார். கதை அன்றைய ரஷ்ய நாட்காட்டிப்படி 1890 டிசம்பர் 25இல் பத்திரிகையில் வெளியானது.

1897இல் பெரும் இரத்தப்போக்கு ஏற்பட்ட பின்னரே செக்கோவ் தன் நோயை மறைக்க முடியாமல் போனது. 1904இல் சிகிச்சைக்காக ஜேர்மனியின் பாடென்வைலருக்குப் போனார். கடைசி நாட்களில் கடல்வழியாக ஒடெசா திரும்பும் கப்பல்களைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். கூசெவ் போய்ச் சேராத அதே துறைமுகம். அந்தப் பயணம் நடக்கவில்லை. ஜூலை 15இல், 44ஆவது வயதில் அங்கேயே இறந்தார்.

சிப்பி ஏற்றும் புகையிரதப் பெட்டியில் அவருடைய உடல் மொஸ்கோ வந்தது. தகப்பனாருக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். கூசெவின் தாய்க்குக் கிடைக்காத அந்த மண், செக்கோவின் தாய்க்குக் கிடைத்தது.